மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்

எந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போனாலும் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகும். மருந்து விற்பதற்கான படிவம் 20, 21 லைசென்ஸ், பக்கத்திலேயே பார்மசிஸ்ட்டின் பதிவுச் சான்றிதழ், அதில் ஒரு போட்டோ. அப்புறம் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்ப்பேன். போட்டோவில் இருக்கும் ஆள் அங்கே இருக்கிறாரா என்று தேடுவேன். பல கடைகளில் இருக்க மாட்டார். சான்றிதழை மாத வாடகைக்குக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். மருந்துக் கடையின் பாதுகாப்பு, தரம் என்று பேச்சு வந்தாலே போலி மருந்து, காலாவதி மருந்து என்று பேச்சு அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவை பெரிய ஆபத்துதான். ஆனால் நல்ல கம்பெனியில் தயாராகி, முறையாக வந்து சேர்ந்த மருந்தும்கூட, ரேக்கிலிருந்து எடுத்து உங்கள் கையில் கொடுக்கிற அந்த ஒரு நிமிஷத்தில் ஆபத்தாக மாறலாம். அந்த நேரத்தில், படித்துப் பதிவு பெற்ற ஒருவர் சீட்டையும் அட்டையையும் சேர்த்து வைத்துப் பார்த்து, வாங்குகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காத கடையில் ஏசி, கம்ப்யூட்டர் பில், கண்ணாடிக் கதவு எல்லாம் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 1940-ம் வருஷத்து மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 1945 விதிகளில் 65-வது விதியைப் பாருங்கள். டாக்டர் சீட்டுக்குக் கொடுக்கும் மருந்தைப் பதிவுபெற்ற பார்மசிஸ்ட் கொடுக்க வேண்டும், அல்லது அவருடைய நேரடி மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று இடத்தைக்கூட அளந்து வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் எடுக்கும்போது அந்த 10 சதுர மீட்டரை டேப் வைத்து அளக்கிறோம். நேரடி மேற்பார்வையை எந்த டேப்பால் அளப்பது?

என்னை அதிகம் பயப்பட வைப்பது பெயர்க் குழப்பம்தான். ஃபோலிட்ராக்ஸ் என்று ஒரு மாத்திரை. உள்ளே இருப்பது மெத்தோட்ரெக்ஸேட். ஃபோல்வைட் என்று இன்னொன்று. உள்ளே இருப்பது ஃபோலிக் ஆசிட், வைட்டமின். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதும் டாக்டர், அதன் பக்கவிளைவைக் குறைப்பதற்காக ஃபோலிக் ஆசிட்டும் கூடவே எழுதுவார். ஆக, இந்த இரண்டு பெயர்களும் ஒரே சீட்டில், அடுத்தடுத்த வரியில் வரும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தெரியாமல் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். இந்தத் தவறு உலகம் முழுக்க நடந்து, உயிர்கள் போயிருக்கின்றன.

இந்தச் சீட்டு வந்தால் எங்கள் கடையில் வேகம் குறையும். மெத்தோட்ரெக்ஸேட்டை எழுத்து வரிசை ரேக்கில் வைப்பதில்லை, மேல் தட்டில் தனி டப்பா. மருந்து போட்டுக் கொடுக்கும் காகிதக் கவரில் கா, ம, இ என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும் இல்லையா, இந்த மாத்திரைக்கு அந்தக் கட்டங்களே ஆபத்து. பழக்க தோஷத்தில் யாராவது காலைக் கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டால் அது தினமும் ஒன்று என்று ஆகிவிடும். அதனால் மூன்று கட்டத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, என்ன கிழமை என்று அவர்களையே கேட்பேன். வெள்ளிக்கிழமை என்று சொன்னால் கவரிலும் அட்டையிலும் மார்க்கரால் பெரிதாக ‘வெள்ளி மட்டும்’ என்று எழுதுவேன். ஃபோலிக் ஆசிட் வேறு கவரில் போகும்.

ஒரு பெரியம்மா மாதா மாதம் வருவார். விரல் கணுக்கள் வீங்கி, பையைப் பிடிக்கவே சிரமப்படுவார். ஒரு நாள் கேட்டார், “தம்பி, வலி ஜாஸ்தியா இருக்கிற அன்னைக்கு இதுலயே இன்னொண்ணு போட்டுக்கலாமா?”

“கூடவே கூடாதும்மா. இது வலி மாத்திரை இல்ல. வெள்ளிக்கிழமை தவிர இந்த அட்டையைத் தொடவே தொடாதீங்க. வலி தாங்கலன்னா டாக்டரைப் பாருங்க.”

அவர் அப்படிக் கேட்டதே பெரிய விஷயம். கவுண்டரில் கூட்டம் நெருக்கிக்கொண்டு நிற்கிறபோது யாருக்கும் இப்படிக் கேட்க வாய் வராது. நாம் நின்று பேசினால்தான் அவர்களும் கேட்பார்கள்.

பெயர் ஒற்றுமைப் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு மருந்துகள். இரண்டும் மலேரியாவுக்கு, இரண்டு பெயரும் ஃபால்சிபாரம் என்ற மலேரியா கிருமியின் பெயரிலிருந்து வந்தவை. ஆனால் ஒன்றில் ஆர்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோகுயின். காடிலா என்ற பெயரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு கம்பெனிகளுக்குள் நடந்த இந்த வழக்கில் 2001-ல் தீர்ப்பு வந்தது. மற்ற சரக்குகளில் பெயர் குழம்பினால் பண நஷ்டம், மருந்தில் குழம்பினால் உயிர் நஷ்டம். ஆகவே மருந்துப் பெயர்களை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம் நாட்டில் பல மொழிகள் இருப்பதையும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருப்பதையும் கணக்கில் எடுத்தது. அது வந்து இத்தனை வருஷம் கழித்தும் ரேக்கில் ஒரே மாதிரிப் பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அதைவிடத் தொல்லை, ஒரே பெயருக்குப் பின்னால் ஒட்டும் எழுத்துகள். பிரஷருக்கான டெல்மிசார்டனை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் பெயர் என்றால் அது ஒன்று மட்டும். எச் ஒட்டினால் கூடவே சிறுநீர் போக வைக்கும் மருந்து. ஏஎம் ஒட்டினால் அம்லோடிபின். டாக்டர் அவசரத்தில் எழுதும் சீட்டில் அந்த வால் எழுத்து ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். புரியவில்லை என்றால் கிளினிக்குக்கு போன் போட வேண்டும், ஊகம் செய்யக் கூடாது. பழைய அட்டையைக் கொண்டுவரச் சொல்வதும் நல்ல வழி. ஆனால் “போன மாசம் வாங்கினதே குடுங்க” என்று பழைய அட்டையை மட்டும் நீட்டினால், டாக்டர் இடையில் மருந்தை மாற்றியிருக்கிறாரா என்று கேட்காமல் கொடுக்க முடியாது.

பழைய அட்டை என்றதும் இன்னொன்று. நம் ஊரில் யாரும் முழு அட்டை வாங்குவதில்லை. நாலு மாத்திரை, ஆறு மாத்திரை என்று வெட்டித்தான் வாங்குவார்கள், காசு அவ்வளவுதான் இருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். பேட்ச் நம்பரும் (எந்தத் தடவை தயாரித்த சரக்கு என்று காட்டும் எண்) எக்ஸ்பைரி தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்தால் கடையில் மிஞ்சும் பாதிக்குப் பேட்ச் நம்பரும் கிடையாது, எக்ஸ்பைரியும் கிடையாது. ஆறு மாதம் கழித்து அந்தத் துண்டை யார் எடுத்துக் கொடுத்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதுதான். அதனால் எதிர் ஓரத்திலிருந்து வெட்டி, தேதி இருக்கும் பாதியைக் கடைசி வரை கடையில் வைத்திருக்க வேண்டும். வாங்கிப் போகிறவருக்கு அந்த விவரம் பில்லில் இருக்கும். பில் வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு வரி மட்டும் காரணம் இல்லை. உங்கள் கையில் இருக்கும் வெட்டுத் துண்டு எந்தப் பேட்ச் என்று சொல்லும் ஒரே காகிதம் அதுதான்.

எக்ஸ்பைரி 06/2027 என்று போட்டிருந்தால் அந்த ஜூன் கடைசி நாள் வரை கொடுக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மருந்து வாங்குகிறவரிடம் அடுத்த மாதம் முடியும் சரக்கைத் தள்ளிவிடுவது நியாயம் இல்லை.

சரி, இன்சுலினுக்கு வருகிறேன். இதில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், அவர் 20 என்று கோட்டைப் பார்த்து இழுப்பார், உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறும், டாக்டர் டோஸைக் கூட்டுவார், பிறகு என்றைக்காவது சரியான சிரிஞ்ச் கிடைத்து அதே கோட்டுக்கு இழுத்தால் மயங்கி விழுவார். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தாலோ இரண்டரை மடங்கு உள்ளே போகும். இவ்வளவும் ஒரு மூடியின் நிறத்தில் இருக்கிறது. அதனால் சிரிஞ்ச் மட்டும் கேட்டு வருகிறவரிடம், வீட்டில் எந்த இன்சுலின் என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சிலர் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். எங்கள் கடை ஃபிரிட்ஜில் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது, காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுகிறோம். டெல்டாவில் சித்திரை வைகாசி வெயிலும் மின்வெட்டும் சேர்ந்து வரும்போது அந்த நோட்டுதான் எனக்குத் தைரியம் கொடுக்கும். குளிர் போவது போலவே அதிகக் குளிரும் ஆபத்து. உறைந்த இன்சுலின் மறுபடி தெளிந்தாலும் அதைப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டியதுதான். ஃப்ரீசருக்குப் பக்கத்திலோ ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டியோ வைக்கக் கூடாது என்பது இதனால்தான். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டவைத்துக் கொண்டுபோகவும் கூடாது, இடையில் துணி சுற்ற வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களிடம் இல்லாததைச் சொல்லி என்ன பயன்? தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள், நனையாதபடி ஒரு சின்ன டப்பாவில் வைத்து, பானையை நிழலில் வைக்கச் சொல்கிறேன். கூடவே, ஒரே தடவையில் இரண்டு மூன்று குப்பி வாங்காமல் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். பயன்படுத்திக்கொண்டிருக்கும் குப்பி சுமார் நாலு வாரம் தாங்கும், திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிட வேண்டும்.

குழந்தைகள் மருந்தில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பாராசிட்டமால் சிரப் 5 மி.லி.க்கு 120 அல்லது 125 மி.கி. இருக்கும், 250 மி.கி.யும் இருக்கும். சொட்டு மருந்தாக வருவது 1 மி.லி.க்கே 100 மி.கி. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மி.கி. போதும். சொட்டு மருந்துப் பாட்டிலை வாங்கிப் போய் சிரப் மாதிரி 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. உள்ளே போய்விடும். பாட்டிலோடு வரும் அளவு மூடியில் கோடு போட்டுக் காட்டாமல் நான் எந்த அம்மாவையும் அனுப்புவதில்லை. வீட்டு டீஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு, அதை நம்ப முடியாது. பவுடராக வரும் ஆன்டிபயாட்டிக்கில் கொதித்து ஆறிய தண்ணீரை பாட்டிலில் இருக்கும் கோடு வரை ஊற்ற வேண்டும். முதலில் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு மீதியை ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். அமாக்ஸிசிலின் கிளாவுலனேட் மாதிரி மருந்தைக் கலந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளில் முடிக்க வேண்டும். போன காய்ச்சலுக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுப்பது நம் வீடுகளில் சர்வ சாதாரணம்.

2025-ல் நடந்ததை இங்கே சொல்லாமல் விட முடியாது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். கோல்ட்ரிஃப் என்ற அந்த சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. எஸ்ஆர்-13 என்ற பேட்ச்சைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு ரசாயனமான டை எத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்தது. ஏற்கத்தக்க அளவு 0.1 சதவீதம். அக்டோபர் தொடக்கத்தில் தமிழகத்தில் விற்பனையைத் தடை செய்தார்கள், பிறகு அந்த கம்பெனியின் லைசென்ஸ் ரத்தானது.

டை எத்திலீன் கிளைகாலுக்கு நிறம் இல்லை, இனிப்பாக இருக்கும். கவுண்டரில் நிற்கும் எந்தப் பார்மசிஸ்ட்டாலும் அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அது தொழிற்சாலையிலும் ஆய்வகத்திலும் பிடிபட்டிருக்க வேண்டியது. ஆனால் கடைக்கும் இதில் வேலை உண்டு. அந்த சிரப்பில் இருந்த குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நாலு வயசுக்குக் கீழ் கொடுக்க வேண்டாம் என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. “குழந்தைக்கு சளி, ஒரு சிரப் குடுங்க” என்று கேட்டால் வயசைக் கேட்க வேண்டும், சின்னக் குழந்தை என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அடுத்தது, ஒரு பேட்ச்சைத் திரும்பப் பெறச் சொன்னால், அது நம்மிடம் எத்தனை வந்தது, எத்தனை விற்றது என்று உடனே எடுக்கத் தெரிய வேண்டும். பில் போட்டு வாங்கி, பில் போட்டு விற்ற கடையில் அது கம்ப்யூட்டரில் சில நிமிஷ வேலை. பில் இல்லாமல் சல்லிசாகச் சரக்கு எடுத்த கடையில் அது முடியவே முடியாது. தரக்குறைவான மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதா மாதம் வெளியிடுகிறது. அதை எடுத்து ஸ்டாக்கோடு ஒப்பிடுவது எந்தக் கடைக்கும் பெரிய வேலை இல்லை.

இனி ‘செட்’ மாத்திரை. “காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க”, “உடம்பு வலிக்கு ஒரு செட்.” அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பெயர் இல்லாமல், ஒரு பொட்டலத்தில் மூன்று நாலு மாத்திரை. ஒன்று வலி மாத்திரையாக இருக்கும், ஒன்று அலர்ஜி மாத்திரை, சில இடங்களில் ஒன்று ஸ்டீராய்டு. உடனே கேட்கும் என்பதால் மறுபடி வந்து அதையே கேட்பார்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வரும் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். டெங்குவில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சல் இறங்கியதும் சரியாகிவிட்டது என்று நினைத்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடுவார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். செட் மாத்திரை கொடுப்பது ஏழைகளுக்குச் செய்யும் உதவி என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, காசும் வாங்குவதில்லை. அங்கே போங்கள் என்று சொல்வதுதான் உதவி.

ஆன்டிபயாட்டிக் கதையும் இதுதான். டாக்டர் சீட்டுக்கு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலுக்கு எச் என்று பெயர். அதைவிடக் கறாராகக் கவனிக்க வேண்டியவற்றுக்கு 2014 மார்ச் முதல் எச்1 என்ற பட்டியல் அமலில் இருக்கிறது. தொடக்கத்தில் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்ஸசின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள், டிபி மருந்துகள், அல்பிரசோலம், டிரமடால் எல்லாம் அதில் வரும். இவற்றைக் கொடுத்தால் டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் நிரப்பிய ரிஜிஸ்டர்கள் இருப்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்படி எழுதிய ரிஜிஸ்டரால் யாருக்கு என்ன லாபம்? அசித்ரோமைசின் எச்1-ல் இல்லை, வெறும் எச் பட்டியல்தான். அதனால் ரிஜிஸ்டர் தொல்லை இல்லை என்று அதை மூன்று நாள் மாத்திரையாகத் தாராளமாகத் தூக்கிக் கொடுக்கிறார்கள். சீட்டு அதற்கும் கட்டாயம்.

இவ்வளவும் சொன்னால் கடை ஓனர்கள் கேட்பது ஒன்றுதான்: நேரம் எங்கே இருக்கிறது? நியாயமான கேள்வி. டாக்டர்கள் கிளினிக் திறக்கும் மாலை 6 மணி முதல் 9 மணி வரை கவுண்டரில் கை ஓயாது. அதே நேரத்தில்தான் பல கடைகளில் பார்மசிஸ்ட் பில் போடுகிறார், கல்லாவையும் பார்க்கிறார், சரக்கு வந்தால் அதையும் இறக்கி வைக்கிறார். அந்த மூன்று மணி நேரத்துக்கு மட்டும் பில் போடத் தனியாக ஒரு ஆளைப் போட்டு, பார்மசிஸ்ட்டைச் சரிபார்த்துக் கொடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒருவர் எடுக்கட்டும், பார்மசிஸ்ட் சீட்டோடு ஒப்பிட்டுக் கொடுக்கட்டும். எங்கள் ஓனர் இதைச் செய்திருக்கிறார். மற்ற கடைக்காரர்களாலும் முடியும். சான்றிதழ் வாடகைக்குக் கொடுக்கும் காசை நிறுத்தி, அதோடு கொஞ்சம் சேர்த்தால் ஒரு பார்மசிஸ்ட்டை நிஜமாகவே வேலைக்கு வைக்கலாம். சான்றிதழை வாடகைக்கு விடும் என் சக பார்மசிஸ்ட்டுகளிடமும் ஒரு வார்த்தை: உங்கள் போட்டோ மாட்டிய சுவருக்குக் கீழே ஏதாவது நடந்தால் முதலில் தேடப்படுவது நீங்கள்தான்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கவுண்டரில் ஒருவர் வயசு என்ன, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள், அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார். இரண்டாவது, மருந்து சாப்பிட்ட பிறகு தடிப்பு, வீக்கம், மயக்கம் மாதிரி எதுவும் வந்தால் முதலில் டாக்டரிடம் போங்கள். அப்புறம் கடைக்கும் வந்து சொல்லுங்கள். காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் பக்கவிளைவுக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை, நீங்களே வேலை நாட்களில் கூப்பிட்டுச் சொல்லலாம். பொதுமக்களுக்கான படிவம் தமிழிலும் இருக்கிறது. எழுத வராது என்றால் எங்கள் மாதிரிக் கடையில் கேளுங்கள், உட்கார்ந்து நிரப்பிக் கொடுப்போம். வரும்போது மிச்சம் இருக்கும் மாத்திரை, காலி அட்டை, பில் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். பேட்ச் நம்பர் இல்லாமல் போனால் அந்தப் புகாரை வைத்து அந்தச் சரக்கு எந்தத் தொழிற்சாலையில், எந்தத் தேதியில் தயாரானது என்று தேடிப் போவது சிரமம்.